டிசி-யில் இருபது ரோல், டெம்போவில் பன்னிரண்டு

டிஸ்கி: தலைப்பைப் பார்த்து இது பனியன் கம்பெனி பதிவுன்னு உள்ள வந்தவங்களும் சரி, நாலு பாரா தாண்டி 'சி மொழி'ன்னு பார்த்ததும் ஓடப் பாக்கறவங்களும் சரி, கொஞ்சம் பொறுங்க. ரெண்டும் ஒரே சமாச்சாரந்தானுங்க.

ரொம்ப நாளா மனசுல கெடக்கற ஒரு கருத்து இருக்கு. திருப்பூர்ல, அதுவும் நம்ம மண்ணரை சுத்துவட்டாரத்துல, சின்னச் சின்ன கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிக் குடுக்கற பொட்டி தட்டும் நண்பர்கள் நிறையப் பேரு ஒரு விஷயத்தை எண்ணாம வாங்கறாங்க. அந்த அலட்சியத்துக்கான காசு அவங்க பாக்கெட்லேருந்தும் போறதில்ல, மொதலாளி பாக்கெட்லேருந்தும் போறதில்ல. யாரு பாக்கெட்லேருந்து போகுதுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஜாப் ஒர்க்குக்குத் துணி அனுப்பறவங்களுக்கு டெலிவரி சலான்னா என்னன்னு சொல்லித் தர வேண்டியதில்ல. மத்த ஊர்க்காரங்களுக்காகச் சொல்றேன். நிட்டிங்ல ஓட்டின துணி சாயப்பட்டறைக்குப் போகும்போது கூடவே ஒரு சீட்டு போகும். டிசி நம்பர், தேதி, எத்தனை ரோல், எத்தனை கிலோ. 20 ரோல்னு டிசி சொல்லுது, டெம்போவுல 12 ரோல்தான் வந்துச்சுன்னு வைங்க. பட்டறைக்காரர் என்ன பண்ணுவாரு? "பாக்கி 8 அடுத்த நடையில வருதுங்களா?"ன்னு கேட்டு, அது வர்ற வரைக்கும் அந்த லாட்டை மெஷின்ல ஏத்த மாட்டாரு. அடுத்த நடையில 8-க்குப் பதிலா 13 வந்து எறங்கினா? மொத 8-ஐ இந்த டிசி-யில சேர்த்துட்டு, மிச்சம் 5 அடுத்த டிசி-யோடதுன்னு தனியா அடுக்குவாரு. எந்தக் காலேஜுலயும் படிக்காமலே இதைச் சரியாச் செய்யற ஆளுக நம்ம ஊர்ல ஆயிரம் பேரு இருக்காங்க.

இதே வேலையை ஒரு ப்ரோக்ராம் செய்யணும்னு வர்றப்பதான் கோட்டை விடறோம்.

ரெண்டு கம்ப்யூட்டர் டிசிபி-யில பேசிக்கறப்போ நடுவுல இருக்கறது ஒரு குழாய். 1981-ல் வந்த ஆர்எஃப்சி 793-லேருந்து இன்னிக்கு வரைக்கும் டிசிபி குடுக்கற வாக்கு இவ்வளவுதான்: நீ போட்ட பைட்டுகள் அதே வரிசையில அந்தப் பக்கம் வரும், வராட்டி கனெக்‌ஷன் அறுந்ததுன்னு தெரியவரும். "நீ ஒரு தடவை அனுப்பினதை அவன் ஒரே தடவையில வாங்குவான்"னு அது எந்த இடத்துலயும் சொல்லல. நீங்க 300 பைட் அனுப்பினா அங்க 300-ஆவும் வரலாம், 112-ம் 188-ம்னு ரெண்டா உடைஞ்சும் வரலாம், அடுத்த செய்தியோட தலையையும் சேர்த்து 340-ஆவும் வரலாம். டெம்போ டிரைவருக்கு டிசி பத்தி என்ன கவலை? வண்டி கொள்ளற அளவு ஏத்துவாரு, அவ்வளவுதான். சாதாரண ஈதர்நெட்ல ஒரு நடைக்கு 1460 பைட்டுக்கு மேல ஏறாது.

அதனால ஒவ்வொரு செய்திக்கும் முன்னாடி ஒரு சீட்டு ஒட்டறோம். மொத நாலு பைட்டுல நீளம், அதுக்கப்புறம் சரக்கு. வாங்கறவன் மொதல்ல நாலு பைட்டைப் படிக்கணும், நீளம் 300-ன்னு தெரிஞ்சுக்கணும், சரியா 300 பைட்டை எண்ணி எடுத்துக்கணும், அடுத்த நாலுக்குப் போகணும். வித்தை அவ்வளவேதான். தந்தி ஆபீஸ்ல இதையே ரொம்ப வருஷம் முன்னாடியே செஞ்சாங்க. தந்தியோட தலைப்புல 'இத்தனை வார்த்தை'ன்னு கணக்கு போகும். அந்தப் பக்கம் எழுதிக்கிறவரு எண்ணிப் பாத்து, கணக்கு இடிச்சா திருப்பிக் கேப்பாரு. 2013 ஜூலையில நம்ம நாட்டுல தந்தியை நிறுத்தியாச்சு. எண்ணிப் பாக்கற பழக்கமும் அதோட போயிருச்சு போல.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. சி-யோட தாத்தா பிசிபிஎல்-ங்கற மொழி. அதுல ஒரு வாக்கியத்தை வெச்சா மொத பைட்டுலயே நீளம் இருக்கும். அதுக்கு அடுத்து வந்த பி மொழியில நீளத்தைத் தூக்கிட்டு, கடைசியில ஒரு முற்றுப்புள்ளி எழுத்தை வெச்சாங்க. சி-யும் அதே வழியில சைபர் பைட்டை முற்றுப்புள்ளியா எடுத்துக்கிச்சு. ஏன்னு டென்னிஸ் ரிச்சியே 1993-ல் எழுதின கட்டுரையில சொல்லியிருக்காரு: ஒரு பைட்டுக்குள்ள நீளத்தை அடக்கினா வாக்கியத்தோட அளவு ரொம்பச் சுருங்கிடுது, அதோட கணக்கை வெச்சுக் காப்பாத்தறதை விட முற்றுப்புள்ளி வசதியாப் பட்டுச்சுன்னு. அப்படி நீளத்தைத் தூக்கிப் போட்ட மொழியிலதான், நீளத்தை முன்னாடி வெச்ச செய்திகளை நாம இன்னிக்குப் படிச்சுக்கிட்டும் எழுதிக்கிட்டும் இருக்கோம். தாத்தா விட்ட சொத்தைப் பேரன் திருப்பி வாங்கற கதை :-)

சரி, பாக்கெட்டுக்கு வருவோம்.

ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் ஒரு கம்பெனி. பேரு வேண்டாம். பீஸ் ரேட்டுல டெய்லர்கள். ஒவ்வொரு மெஷின் பக்கத்துலயும் ஒரு சின்னப் பொட்டி. பண்டல் முடிஞ்சதும் அதுல இருக்கற சீட்டைக் காட்டினா 'பீப்'னு சத்தம் வரும், எண்ணிக்கை ஏறும். ஒரு லைன்ல இருக்கற பொட்டியெல்லாம் ஒரு கன்ட்ரோலர்ல சேர்ந்து, அங்கிருந்து வைஃபை வழியா ஒரே கனெக்‌ஷன்ல ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போகும். சனிக்கிழமை சம்பளம் அந்தக் கணக்கை வெச்சுத்தான்.

அங்க ஓவர்லாக் ஓட்டற ஒரு அக்கா. அவங்க சீட்டோட துண்டை எல்லாம் ஒரு கவர்ல போட்டு வெச்சிருந்தாங்க. அவங்க கையில 46. கம்ப்யூட்டர்ல 43. "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாக்கா?"ன்னு சூப்பர்வைசர் கேட்டாராம். "எனக்கு கம்ப்யூட்டர் தெரியாதுங்க தம்பி, எண்ணத் தெரியும்"னு அக்கா சொல்லியிருக்காங்க. மூணு பண்டல், பண்டலுக்கு 30 பீஸ்னா 90 பீஸ். பீஸுக்கு ரெண்டு ரூபான்னு வெச்சாலும் 180 ரூபாய். ஒரு ஆளுக்கு, ஒரு வாரத்துக்கு.

மென்பொருள் குடுத்தவங்களைக் கேட்டா "நெட்வொர்க் ப்ராப்ளம் சார்". நம்ம ஊர்ல எதுக்கும் சொல்ற பதில் அது. எனக்குத் தெரிஞ்சவரு அங்க கணக்குப் பாக்கறாரு, "நீதான் ராத்திரியெல்லாம் சி எழுதறியே, வந்து பாரு"ன்னு கூப்பிட்டாரு. போய்ப் பாத்தேன். ஆபீஸ் பக்கத்து ப்ரோக்ராம் இப்படித்தான் வாங்கிக்கிட்டு இருந்துச்சு: 1024 பைட்டுக்கு ஒரு பஃபர். ஒரு தடவை ரிசீவ். வந்ததுல மொத ரெண்டு பைட்டை நீளம்னு எடுத்துக்கிட்டு, அந்த நீளத்துக்குச் செய்தியைப் படிச்சு, டேட்டாபேஸ்ல போட்டுட்டு, அடுத்த ரிசீவ். நீளத்தை விட அதிகமா வந்திருந்தா? மிச்சத்தைப் பாக்கவே இல்ல. அடுத்த ரிசீவ் அதே பஃபர் மேல எழுதிடும். குறைவா வந்திருந்தா? 'பேட் பாக்கெட்'டுன்னு தூக்கிப் போட்டுடும். அதை லாக்ல எழுதற வரியையும் 'இடம் அடைக்குது'ன்னு யாரோ கமென்ட் பண்ணி வெச்சிருந்தாங்க.

காலையில ஒண்ணு ஒண்ணா வர்றப்போ ஒரு குறையும் இல்ல. ஷிப்ட் முடியற நேரம், எல்லாரும் கையில இருக்கற பண்டலை முடிச்சுக் காட்டறப்போதான் வினை. குட்டிக் குட்டிச் செய்திகள் வரிசையா கிளம்பினா, டிசிபி அதையெல்லாம் சேர்த்து ஒரே வண்டியில ஏத்தப் பாக்கும். ஜான் நேகிள்ங்கறவரு 1984-ல் சொன்ன ஏற்பாடு அது. மொத செய்தி கெடச்சதுன்னு பதில் வர்ற வரைக்கும் அடுத்த குட்டிகளைப் பிடிச்சு வெச்சு மொத்தமா அனுப்பும். வைஃபை மந்தமா இருந்தா இன்னும் நிறையச் சேரும். அந்த மூட்டையில மொத செய்தி மட்டும் கணக்குல ஏறும். பின்னாடி ஒட்டிக்கிட்டு வந்த அக்காவோட பண்டல் காத்துல போயிரும்.

இதுல எனக்கு ஆத்திரம் வந்த இடம் எதுன்னா, இந்தத் தப்பு எப்பவுமே ஒரே திசையில நடக்குது. எண்ணாம வாங்கற ப்ரோக்ராம் வராத பண்டலை வந்ததாச் சொல்ல முடியாது. வந்ததை வரலைன்னு மட்டுந்தான் சொல்லும். கணக்கு எப்பவும் குறைஞ்சே காட்டும், கூடவே காட்டாது. கூடக் காட்டியிருந்தா மொத சனிக்கிழமையே மொதலாளி கூப்பிட்டு "ஏனுங், என்ன சாஃப்ட்வேர் இது?"ன்னு கேட்டிருப்பாரு. குறைச்சுக் காட்டறதால ஆபீஸ்ல யாருக்கும் உறுத்தல. பேக்கிங் எண்ணிக்கைக்கும் டெய்லர் எண்ணிக்கைக்கும் இருந்த வித்தியாசத்தை 'சீட்டு காட்ட மறந்துட்டாங்க'ன்னு எழுதி முடிச்சிருந்தாங்க. மாசக்கணக்கா.

இதுக்கு அவங்க முன்னாடி ஒரு தடவை போட்டிருந்த வைத்தியம் இன்னும் அழகு. கன்ட்ரோலர்ல ஒவ்வொரு செய்தி அனுப்பினதுக்கு அப்புறமும் 200 மில்லி செகண்ட் தூக்கம். அதாவது ஸ்லீப். தூங்கி எழுந்தா செய்திகள் ஒட்டாதாம். டெஸ்ட் பண்ணினப்போ ஒட்டல, ஏன்னா ரெண்டு ப்ரோக்ராமும் ஒரே கம்ப்யூட்டர்ல ஓடுச்சு. தன் வீட்டு சமையல்கட்டுலேருந்து ஹாலுக்கு சாப்பாடு கொண்டு போய்ப் பாத்துட்டு "பார்சல் சர்வீஸ் நல்லா ஓடுது"ன்னு சொல்ற மாதிரி. வெளியில வைஃபை அரை செகண்ட் திணறினா 200 மில்லி செகண்டால என்ன பண்ண முடியும்? ஸ்லீப் போட்டா தப்பு எப்பவாச்சும் வர்ற தப்பா மாறிடும், அவ்வளவுதான். எப்பவாச்சும் வர்ற தப்பைத்தான் யாராலயும் பிடிக்க முடியாது.

சரியான வழி பத்து வரி. சி-யில எழுதினா எப்படி இருக்கும்னு தமிழ்லயே சொல்றேன்:

வந்தது = 0
வந்தது வேணுங்கறதை விடக் குறைவா இருக்கற வரைக்கும்
– இப்ப = ரீட்(குழாய், பஃபர் + வந்தது, வேணும் – வந்தது)
– இப்ப 0-ன்னா, அந்தப் பக்கம் மூடிட்டாங்க. பாதியில நின்னிருந்தா அது பிழை
– இப்ப 0-க்குக் கீழன்னா, நடுவுல சிக்னல் தட்டினதா மட்டும் இருந்தா மறுபடி போ. வேற எதுன்னாலும் பிழை
– வந்தது = வந்தது + இப்ப

நீளத்தைப் படிக்கறதுக்கும் இதே சுத்துதான், சரக்கைப் படிக்கறதுக்கும் இதேதான். "நாலே பைட்டுதானே, அதுவுமா உடையும்?"னு கேப்பாங்க. உடையும். ரெண்டு பைட் இந்த நடையில, ரெண்டு அடுத்த நடையில வரலாம். எழுதற பக்கமும் இப்படித்தான், 'ரைட்' 300-ல 112 மட்டும் வாங்கிக்கிட்டுத் திரும்பி வரலாம். அதுவும் சுத்துலதான் இருக்கணும். ஒரே குழாய்ல ரெண்டு த்ரெட் எழுதினா பூட்டு போட்டுத்தான் எழுதணும். இல்லேன்னா ஒருத்தர் சீட்டு, இன்னொருத்தர் சரக்குன்னு கலந்துடும். ஃபைல்லேருந்தோ பைப்லேருந்தோ 'எஃப்ரீட்' வெச்சுப் படிச்சா அதுவே உள்ள சுத்திக் குடுத்துடும், ஆனா அது எத்தனை குடுத்துச்சுன்னு திருப்பிச் சொல்ற எண்ணை யாரு பாக்கறா?

"சி-யைக் கட்டிக்கிட்டு ஏன் அழறீங்க, பைத்தானுக்கு மாறுங்க"ன்னு பின்னூட்டத்துல ஒருத்தர் வருவாரு, எனக்குத் தெரியும் :-) தாராளமா மாறுங்க. பைத்தான்ல சாக்கெட்டோட 'ரிசீவ்' இதே மாதிரிதான் கம்மியாத் தரும். ஜாவாவுல 'ரீட்ஃபுல்லி'ன்னு ஒண்ணு இருக்கு, கோ மொழியில 'ரீட்ஃபுல்'னு இருக்கு. உள்ள இருக்கறது மேல சொன்ன அதே சுத்து. குழாயோட குணம் மொழி மாறினா மாறாது. சி-யில அது கண்ணுக்கு முன்னாடி அம்மணமா நிக்கும், அதனாலதான் கத்துக்கறதுக்கு சி நல்லதுங்கறேன்.

இன்னொரு கேள்வியும் வரும்: "எதுக்கு நீளம்? ஒவ்வொரு செய்தி முடிவுலயும் ஒரு புது வரி எழுத்தைப் போட்டா முடிஞ்சுது." சாதாரண எழுத்துச் செய்திக்கு அது நல்ல வழிதான், மறுக்கல. ஆனா சரக்குக்குள்ளயே புது வரி இருந்தா? பையரோட விலாசத்துல நாலு வரி இருக்கும். அதுக்கு ஒரு மாற்றுக்குறி, அந்தக் குறியே உள்ள வந்தா அதுக்கு ஒரு மாற்றுக்குறின்னு போய்க்கிட்டே இருக்கும். அதோட, புது வரியைத் தேடறவனும் பாதி வரி வந்தா காத்திருக்கணும், ஒண்ணரை வரி வந்தா அரையை எடுத்து வெச்சுக்கணும். சுத்துலேருந்து தப்பிக்கவே முடியாது.

நீளமும் சொல்லாம, முற்றுப்புள்ளியும் வெக்காம, மௌனத்தை வெச்சே பிரிக்கற ஒரு முறையும் இருக்கு. நம்ம ஊரு தொழிற்சாலைகள்ல கரன்ட் மீட்டர், ஃப்ளோ மீட்டர்லேருந்து கணக்கு எடுக்கற இடத்துல எல்லாம் பாக்கலாம். மாட்பஸ். 1979-ல் மாடிகான் கம்பெனி கொண்டு வந்தது. அதோட சீரியல் வடிவத்துல ஒரு செய்தி முடிஞ்சதுக்கு அடையாளம் மூணரை எழுத்து நேரத்துக்கு யாரும் பேசாம இருக்கறது. 9600 வேகத்துல அது ஏறக்குறைய 4 மில்லி செகண்ட். நேரடி வயர்ல சரி. நடுவுல யூஎஸ்பி கன்வெர்ட்டர் வந்தா அது பைட்டுகளைப் பிடிச்சு வெச்சு மொத்தமாக் குடுக்கும், மௌனம் எங்க இருந்துச்சுன்னே தெரியாது. இதே மாட்பஸை டிசிபி மேல ஓட்டணும்னு வந்தப்போ என்ன பண்ணினாங்க? தலையில ரெண்டு பைட்டு நீளத்தைச் சேர்த்தாங்க. நெட்வொர்க்ல மௌனத்தை நம்ப முடியாதுன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. 200 மில்லி செகண்ட் ஸ்லீப் போட்ட நம்மாளு பண்ணினது அந்தப் பழைய மௌன வித்தையைத்தான். அதை மௌனம் தாங்காத இடத்துல பண்ணினாரு.

நீளம்னதும் எதோட நீளம்னு ஒரு கேள்வி இருக்கு. தமிழ்ல எழுதற நமக்கு இது மத்தவங்களை விட முக்கியம். 'மண்ணரை'ங்கற பேரையே எடுத்துக்கங்க. ம, ண், ண, ரை. நாலு எழுத்துன்னு ஒண்ணாங்கிளாஸ் புள்ள சொல்லும். யூனிகோட்ல ம, ண, புள்ளி, ண, ர, ஐகாரக் குறின்னு ஆறு. அதை யூடிஎஃப்-8-ல் அனுப்பினா ஒவ்வொண்ணும் மூணு பைட்டு, ஆக 18. திஸ்கி காலத்துல எழுத்துக்கு ஒண்ணு, ரெண்டு, மிஞ்சினா மூணு பைட்டுன்னு ஓடினோம். அந்தப் பழைய கணக்கெல்லாம் இங்க உதவாது. சி-யில 'ஸ்ட்ரென்' கேட்டா 18-ன்னு சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட்ல நீளம் கேட்டா 6-ன்னு சொல்லும். குழாய்ல போறது பைட்டு, அதனால சீட்டுல எழுத வேண்டியது 18. டி. ஜே. பெர்ன்ஸ்டைன் 1997-ல் சொன்ன நெட்ஸ்ட்ரிங் முறையில இது இப்படிப் போகும்:

18:மண்ணரை,

அழகா இருக்குல்ல? நீளம், ஒரு முக்காற்புள்ளி, சரக்கு, கடைசியில ஒரு காற்புள்ளி. அந்தக் காற்புள்ளி அங்க இல்லேன்னா எண்ணிக்கையில எங்கயோ தப்புன்னு உடனே தெரிஞ்சுடும். கையால எழுதியே டெஸ்ட் பண்ணலாம்.

அனுப்பறவரு 18-க்குப் பதிலா 6-ன்னு எழுதிட்டா என்ன ஆகும்னு ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். நாலு பைட்டு நீளம் வெக்கற முறையில. வாங்கறவன் சரியா ஆறு பைட்டு எடுப்பான். கெடைக்கறது 'மண'. மிச்சம் 12 பைட்டு குழாய்லயே நிக்குது. அடுத்த செய்தியோட நீளம்னு அவன் படிக்கப் போற நாலு பைட்டு எது? புள்ளியோட மூணு பைட்டும், அடுத்த ண-வோட மொத பைட்டும். அதை ஒரு எண்ணாப் படிச்சா 376 கோடியே 96 லட்சத்து 1 ஆயிரத்து 504. நம்ம ப்ரோக்ராம் இப்ப மூணரை ஜிபி செய்தி வருதுன்னு வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கும். ஒரு புள்ளி பண்ற வேலை!

இதுலேயே இன்னொரு குழி. அந்த நீளத்தைக் குறியுள்ள சாதா 'இன்ட்'ல வாங்கினா அது மைனஸ் 52 கோடிச் சில்லறை ஆயிடும். "நீளம் ஒரு லட்சத்தை விட அதிகமா?"ன்னு சரி பாத்தா "இல்லையே, மைனஸ்தானே"ன்னு உள்ள விட்டுடும். அதுக்கப்புறம் அதையே 'சைஸ்_டி'யா மாத்தி மெமரிகாப்பிக்குக் குடுத்தா என்ன ஆகும்னு பொட்டி தட்டறவங்களுக்குத் தெரியும். நீளத்துக்கு எப்பவும் குறியில்லாத எண்தான், அதுக்கு ஒரு மேல்வரம்பு, மெமரி ஒதுக்கறதுக்கு முன்னாடியே சோதனை. டிசி-யில எவனோ 2000 ரோல்னு எழுதிட்டான்னு குடோனையே காலி பண்ணி வெப்பீங்களா? "நம்ம பட்டறைக்கு ஒரு நாளைக்கு அவ்வளவு வராதே"ன்னு போனைப் போடுவீங்கதானே. மாட்பஸ் டிசிபி-யில இந்த வரம்பு விதியிலயே இருக்கு, நீளம் 254-ஐத் தாண்ட முடியாது. தாண்டினா பேசறது மாட்பஸ் இல்ல, கனெக்‌ஷனை அறுத்துடலாம்.

சொன்ன நீளத்தை அப்படியே நம்பினதுக்கு உலகம் குடுத்த பெரிய விலை 2014 ஏப்ரல்ல வெளிய வந்த ஹார்ட்பிளீட். ஓப்பன்எஸ்எஸ்எல்-ல இருந்த ஓட்டை, சி-யில எழுதினது, 2012-ல் வந்த 1.0.1 பதிப்புலேருந்தே இருந்துச்சு. அதுல ஒரு பக்கம் "உயிரோட இருக்கியா? இந்தா இதைத் திருப்பிச் சொல்லு"ன்னு ஒரு சின்னச் செய்தி அனுப்பும். செய்திக்கு முன்னாடி ரெண்டு பைட்டுல நீளம். ஒரு பைட்டு மட்டும் குடுத்துட்டு '64 ஆயிரம் குடுத்தேன்'னு எழுதினா, சர்வர் எண்ணிப் பாக்காம தன் மெமரியிலேருந்து 64 ஆயிரத்தையும் எடுத்துக் குடுத்துச்சு. அந்த மெமரியில அடுத்தவனோட பாஸ்வேர்டு இருக்கலாம், சர்வரோட ரகசியச் சாவியே இருக்கலாம். ஒரு பீஸ் குடுத்துட்டு "500 பீஸ் குடுத்தேன், ரிட்டர்ன் குடுங்க"ன்னு கேட்டதும், குடோன் பையன் அடுத்த பார்ட்டி சரக்கையும் சேர்த்து 500 எண்ணிக் குடுத்த கதை. திருத்தம் என்ன தெரியுங்களா? சொன்ன நீளம் நெசமா வந்த அளவுக்குள்ள இருக்கான்னு பாக்கற சோதனை, அவ்வளவுதான்.

ரெண்டு சில்லறை விஷயம், வேகமாச் சொல்லிடறேன். ஒண்ணு, பைட்டு வரிசை. 300-ஐ நாலு பைட்டுல எழுதினா 0, 0, 1, 44. இன்டெல் கம்ப்யூட்டர் உள்ள வெச்சிருக்கறது தலைகீழா 44, 1, 0, 0. மாத்திப் படிச்சா 73 கோடியே 82 லட்சத்துச் சொச்சம். நாம 'இருபத்தி மூணு'ன்னு பெருசை மொதல்ல சொல்றோம், ஜெர்மன்காரன் 'மூணும் இருபதும்'னு சின்னதை மொதல்ல சொல்றான். ரெண்டும் சரிதான், எதுன்னு முன்னாடியே பேசி வெச்சுக்கணும். நெட்வொர்க்ல பெருசு மொதல்லங்கறது வழக்கம். ரெண்டாவது, விண்டோஸ்ல இப்படிப்பட்ட செய்திகளை ஸ்டான்டர்டு அவுட்புட்ல எழுதினா, எங்க 10-ங்கற பைட்டு இருக்கோ அங்க முன்னாடி ஒரு 13-ஐத் தானாச் சொருகிடும். புது வரின்னு நினைச்சுக்குமாம். சரியா 10 பைட்டு நீளமுள்ள செய்திக்கு மட்டும் ப்ரோக்ராம் படுத்தா இதைத்தான் மொதல்ல பாக்கணும். பைனரி மோடுக்கு மாத்தினா தீர்ந்துச்சு.

ஆனா எண்ணி வாங்கறது மட்டும் போதுமான்னா, கூலி விஷயத்துல போதாதுங்க. இங்க என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. நீளம் ஒரு தடவை இடிச்சுதுன்னா அதுக்கப்புறம் குழாய்ல வர்றது எதுவும் நம்பத் தகுந்தது இல்ல. எங்க செய்தி ஆரம்பிக்குதுன்னு ஊகிச்சுத் தேடக் கூடாது. கனெக்‌ஷனை அறுக்கணும், லாக்ல கத்தணும், புதுசா ஆரம்பிக்கணும். அறுந்தப்போ நடுவுல இருந்த செய்திகள்? அதுக்குத்தான் டிசி நம்பர். ஒவ்வொரு பண்டல் செய்திக்கும் வரிசையா ஒரு எண். ஆபீஸ் பக்கம் அதை டேட்டாபேஸ்ல எழுதி முடிச்சதுக்கு அப்புறம் "217 வந்து சேர்ந்துச்சு"ன்னு பதில் சொல்லணும். அந்தப் பதில் வர்ற வரைக்கும் பொட்டி 217-ஐத் தன்கிட்டயே வெச்சுக்கணும். வராட்டி மறுபடி அனுப்பணும். 217 ரெண்டு தடவை வந்தா ஒண்ணை ஒதுக்கணும். 218 இல்லாம 219 வந்தா சிவப்பு விளக்கு எரியணும். டிசிபி-யே உறுதி குடுக்குதேம்பாங்க. டிசிபி குடுக்கற உறுதி சரக்கு அந்த ஊரு குடோன் வாசலுக்கு வந்துச்சுங்கறது வரைக்குந்தான். ரிஜிஸ்டர்ல ஏத்தினாங்களான்னு அதுக்குத் தெரியாது.

இன்னொண்ணு. 'பீப்' சத்தம் எப்ப வரணும்? இப்ப பொட்டி படிச்சதும் வருது. ஆபீஸ்லேருந்து பதில் வந்ததுக்கு அப்புறம் வரணும்னு நான் சொன்னேன். "லேட் ஆகும், டெய்லருக்கு டைம் வேஸ்ட்"டுன்னு மென்பொருள் தரப்புல ஒத்துக்கல. கடைசியில ரெண்டு சத்தம்னு முடிவாச்சு, படிச்சதுக்கு ஒண்ணு, சேர்ந்ததுக்கு ஒண்ணு. ரெண்டாவது வரலேன்னா சீட்டைக் கிழிக்காம வெச்சுக்கங்கன்னு அக்காங்களுக்குச் சொல்லியாச்சு. பழைய மாசங்களோட பாக்கி? சீட்டுத் துண்டு வெச்சிருந்தவங்களுக்கு மட்டும் குடுத்தாங்க. அந்த அக்கா வெச்சிருந்தாங்க. மத்தவங்கள்ல பாதிப் பேரு வெச்சிருக்கல. கம்ப்யூட்டர் இருக்கறப்போ சீட்டு எதுக்குன்னு நம்பிட்டாங்க.

கம்பெனி வெச்சிருக்கற, இல்ல கம்பெனியில கணக்குப் பாக்கற பதிவர்கள் சிலர் இங்க வர்றீங்க. உங்களுக்கு சி தெரிய வேண்டியதில்ல. அடுத்த தடவை இந்த மாதிரிப் பொட்டி விக்க வர்றவர்கிட்ட ரெண்டு சோதனை மட்டும் கேளுங்க. ஒண்ணு, ஒவ்வொரு பைட்டா நடுவுல கால் செகண்ட் விட்டு விட்டு ஒரு செய்தியை அனுப்பணும், கணக்குல சரியா ஒண்ணு ஏறணும். ரெண்டு, ஐம்பது செய்தியை ஒட்டி ஒரே ரைட்ல தள்ளணும், சரியா ஐம்பது ஏறணும். 49-ம் கூடாது, 51-ம் கூடாது. அனுப்பறதுக்கான ப்ரோக்ராம் நாற்பது வரிகூட வராது, நான் எழுதி வெச்சிருக்கேன். வேணுங்கறவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க, அடுத்த பதிவுல வரிக்கு வரி விளக்கத்தோட போடறேன். அதுக்குள்ள யாராவது உங்க ஆபீஸ் சாஃப்ட்வேர்ல இந்த ரெண்டையும் ஓட்டிப் பாத்தீங்கன்னா எத்தனைக்கு எத்தனை வந்துச்சுன்னு எண்ணை மட்டும் எழுதுங்க, கம்பெனி பேரு வேண்டாம்.